கை மாறிய கத்தி

ஒற்றசேகரமங்கலத்தில் தாடியை 'வடிக்கிறார்கள்'. எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வந்துவிட்டால் வடிப்பது சோறு. நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரத்து ஊர்களில் இந்த இரண்டு மொழியும் ஒரே வீட்டுக்குள் புழங்குவதால் யாருக்கும் குழப்பமில்லை. 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் தங்கிவிட்டது. கோடு போட்டவர்கள் வீடுகளுக்குள் புகுந்து வார்த்தைகளைப் பிரித்துக் கொடுக்கவில்லை.

தமிழில் இந்தக் காரியத்துக்குச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. மழித்தல், வழித்தல், சிரைத்தல் என்று மூன்று. மழித்தலுக்குக் குறளிலேயே இடம் உண்டு. கூடா ஒழுக்கம் அதிகாரத்தில் போலித் துறவிகளைச் சாடும்போது வள்ளுவர் அந்தச் சொல்லை எடுக்கிறார். சிரைத்தலின் கதி வேறு. வேலைவெட்டி இல்லாதவனைப் பார்த்து, "போய்ச் சிரை" என்பது இன்றும் வசவு. சொல்லில் பிழை ஒன்றுமில்லை. அந்தத் தொழிலைச் செய்தவர்களுக்கு ஊர் கொடுத்த இடம்தான் சொல்லில் ஒட்டிக்கொண்டது. படித்தவர்கள் 'ஷேவ்' என்று சொல்லப் பழகியதில் ஆங்கில மோகம் பாதி. மீதி, அந்த வார்த்தைக்குச் சாதி கிடையாது என்ற வசதி.

பழைய ஊரின் நாவிதருக்குக் கத்தி பிடிப்பது மட்டும் வேலையாக இருந்ததில்லை. கட்டி கீறுவார், புண்ணுக்கு மருந்து போடுவார். அவர் வீட்டுப் பெண் பிரசவம் பார்ப்பார். மருத்துவர் என்ற பெயர் அந்தச் சமூகத்துக்கு வந்தது அப்படித்தான். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய ஏழு தொகுதிகளில், திருவிதாங்கூரில் நாவிதர்களுக்குப் 'பிராணோபகாரி' என்ற பெயர் இருந்ததைக் குறித்திருக்கிறார். உயிருக்கு உபகாரம் செய்பவர் என்று பொருள். பல சாதிகளின் சடங்குகளில் புரோகிதரைப் போல நின்றவர்களுக்குக் கிடைத்த பட்டம் அது. பட்டம் பெரிது; ஆனால் யார் வீட்டுக்குப் போகலாம், யாரைத் தொடக்கூடாது என்பதை அவர் தீர்மானிக்க முடியாது. அதை ஊர் தீர்மானித்தது. கத்திக்கு மேலேயும் சாதி, கீழேயும் சாதி.

இந்த ஏற்பாட்டில் ஓட்டை போட்டவர்களில் ஒருவர், இதைப் பற்றி எதுவுமே தெரியாத ஓர் அமெரிக்க விற்பனையாளர். கிங் கேம்ப் ஜில்லெட் பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தவர். ஒருமுறை உபயோகித்துவிட்டுத் தூக்கிப்போடுகிற பொருளாக ஏதாவது கண்டுபிடி, வாங்கியவன் மறுபடியும் வருவான் என்று அவருடைய முதலாளி சொல்லிக்கொண்டிருந்தார். 1895இல் ஒரு காலை சவரம் செய்துகொண்டிருந்தபோது ஜில்லெட்டுக்குப் பொறி தட்டியது. தீட்டத் தேவையில்லாத மெல்லிய தகடு, இரண்டு பக்கமும் கூர், மழுங்கினால் எறிந்துவிடலாம். யோசனை எளிது. அவ்வளவு மெல்லிய எஃகைக் கோணாமல் கடினமாக்குவது எப்படி என்பதுதான் தெரியவில்லை. வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர் வந்து அந்த முடிச்சை அவிழ்த்தார். விற்பனை தொடங்கிய 1903இல் மொத்தம் போனது 51 ரேசர், 168 பிளேடு. மறு ஆண்டு ரேசர் மட்டும் 90,000க்கு மேல். முதல் உலகப் போரில் அமெரிக்க அரசு தன் சிப்பாய்களுக்காக 35 லட்சம் ரேசர் வாங்கியது. போர் முடிந்து ஊர் திரும்பியவர்கள் தாங்களே சவரம் செய்துகொள்ளும் பழக்கத்தோடு திரும்பினார்கள்.

நம்மூரில் பாரத், பனாமா, டோபாஸ், செவன் ஓ கிளாக் என்று பிளேடுகளின் பெயரைக் கேட்டாலே ஒரு தலைமுறைக்கு அப்பாவின் அலமாரி ஞாபகம் வரும். சவரத்துக்கு ஆகாமல் போன பிளேடை யாரும் எறிந்ததில்லை என்பதுதான் ஜில்லெட் எதிர்பாராத விஷயம். நீளவாக்கில் ஒடித்தால் பாதி அம்மாவின் தையல் பெட்டிக்கு, பாதி பள்ளிக்கூடத்துப் பென்சில் டப்பாவுக்கு.

அந்த அலமாரி ரேசரை இப்போது இளைஞர்கள் தேடி எடுக்கிறார்கள். பிளாஸ்டிக் கார்ட்ரிட்ஜின் விலை ஒரு காரணம்; இரட்டை முனை பிளேடு இன்றும் சில ரூபாய்தான். எடுத்தவர்களுக்குப் பிடித்து உபயோகிக்கத் தெரிவதில்லை. எல்லையோரத் தமிழ் வீட்டில் பேரன் பாட்டாவின் ரேசரைக் கையில் எடுத்தால் கிழவரிடமிருந்து வரும் முதல் வார்த்தை எதுவாக இருக்கும் என்று ஊகிக்கலாம்: "மக்களே, அமுக்காண்டாம். கத்தி அதுபாட்டுக்குப் போவும்."

பாடம் மொத்தமும் அதுதான். கார்ட்ரிட்ஜ் பழகிய கை அமுக்கிப் பழகிய கை. பிளாஸ்டிக் ரேசரின் தலை தானே அசைந்து கோணத்தைப் பார்த்துக்கொள்ளும், தப்பாக அழுத்தினாலும் மன்னித்துவிடும். இரட்டை முனை ரேசரின் தலை அசையாது. இரும்பின் எடையே போதும், கை வெறுமனே வழிகாட்ட வேண்டும்.

மூன்று துண்டு ரேசரைப் பிரித்துப் பார்த்தால் சூட்சுமம் புரியும். கைப்பிடி, அடித்தட்டு, மேல்மூடி. மூடியின் உட்பக்கம் வளைவு. நடுவில் பிளேடை வைத்துக் கைப்பிடியை முறுக்கினால் 0.1 மில்லிமீட்டர் தகடு வில்லாக வளைந்து விறைத்துக்கொள்கிறது. விறைக்காத தகடு முடியைத் தொட்டதும் அதிரும். அதிர்ந்தால் தோல் கிழியும். பிளேடைக் கூரில்லாத இரண்டு குறுகிய ஓரங்களில் பிடித்துத்தான் வைக்க வேண்டும். முறுக்கியபின் இரண்டு பக்கமும் பிளேடு ஒரே அளவு வெளியே தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.

கோணத்தைக் காது கண்டுபிடிக்கும். மூடியின் விளிம்பைக் கன்னத்தில் வைத்துக் கைப்பிடியைத் தரைக்கு இணையாக நீட்டிப் பிடிக்க வேண்டும். இப்போது பிளேடு தோலைத் தொடவில்லை. கைப்பிடியை மெல்லத் தாழ்த்திக்கொண்டே சின்னச் சின்னதாக இழுத்தால் ஓரிடத்தில் மணல் உரசுவதுபோலச் சத்தம் கேட்கும். முடி அறுபடுகிறது. தோலுக்கும் பிளேடுக்கும் நடுவே சுமார் 30 பாகை. கையை அதற்குமேல் தாழ்த்தினால் வெட்டுவது போய்ச் சுரண்டல் ஆகிவிடும்.

முடி எந்தப் பக்கம் சாய்ந்து வளர்கிறது என்பதை முதலில் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கன்னத்தில் பெரும்பாலும் கீழ்நோக்கி. கழுத்தில் ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு மேல்நோக்கி, சிலருக்குக் காதை நோக்கிப் பக்கவாட்டில். சாய்ந்த திசையிலேயே முதல் இழுப்பு. மிச்சம் இருந்தால் மறுபடியும் நுரை போட்டுக் குறுக்காக. எதிர்த் திசையில் இழுப்பதைப் புதியவர்கள் முதல் ஒரு மாதம் நினைக்கவே கூடாது. தாடை எலும்பு வளைகிற இடத்திலும் உதட்டுக்குக் கீழ்க் குழியிலும் மற்றக் கையால் தோலை இழுத்துப் பிடிக்காவிட்டால் ரத்தம் நிச்சயம். அதற்குத்தான் படிகாரக் கல். ஈரத்தோடு தேய்த்தால் சுள்ளென்று எரியும். எங்கெல்லாம் அமுக்கினோம் என்பதை அந்த எரிச்சல் இடம் காட்டிக் கொடுத்துவிடும். நல்ல வாத்தியார்.

நுரைக்கு முன்னால் தண்ணீர். இரண்டு மூன்று நிமிடம் முகத்தை ஊறவைக்க வேண்டும், அவசரக்காரர்கள் தவறவிடுவது இதைத்தான். முடியைவிட எஃகு ஏறக்குறைய 50 மடங்கு கடினம், இருந்தும் பிளேடு மழுங்குகிறதே எப்படி என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் நுண்ணோக்கியில் பார்த்து 2020இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். கூர் தேய்ந்துபோகும் என்பதே பொதுவான எண்ணம். அவர்கள் கண்டது வேறு: முடி வளைந்துகொடுக்கும்போது, எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடங்களில் கூர்முனை துளித்துளியாகச் சிதறி உதிர்கிறது.

அதே எம்.ஐ.டி. இன்னொரு சவரக் கதையிலும் வருகிறது. இந்தியாவுக்கென்று 2002இல் ஜில்லெட் கம்பெனி ஒரு ரேசர் கொண்டுவந்தது. அடைத்துக்கொள்ளும் முடியைத் தள்ளிவிட அதில் பிளாஸ்டிக் பட்டை உண்டு. அதைச் சோதித்துப் பார்த்தது எம்.ஐ.டி.யில் படித்த இந்திய மாணவர்களை வைத்து. பாஸ்டன் குழாயில் தண்ணீர் கொட்டுகிறது. மாணவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். இந்தியாவில் ஆள் தரையில் உட்கார்ந்து, ஒரு குவளைத் தண்ணீரில் காரியத்தை முடிக்கிறார். ரேசர் அடைத்துக்கொண்டது, விற்பனையும் அடைத்துக்கொண்டது. பிறகு கம்பெனிக்காரர்கள் இந்திய வீடுகளுக்கே வந்து உட்கார்ந்து பார்த்து, 2010இல் ஒற்றை பிளேடு வைத்து 15 ரூபாய்க்கு ஒரு ரேசர் கொண்டுவந்தார்கள். குவளைத் தண்ணீருக்குப் பழைய இரட்டை முனை ரேசர் எப்போதோ தயார். முக்கி இரண்டு ஆட்டு ஆட்டினால் முடி கழன்றுவிடும்.

கண்ணாடியும் முன்பெல்லாம் நாவிதரின் பெட்டியிலிருந்துதான் வந்தது. வேலை முடிந்ததும் முகம் பார்க்கச் சின்னதாக ஒன்றை நீட்டுவார். தானே சவரம் செய்ய வீட்டில் கண்ணாடி வேண்டும். (1888இல் நாராயண குரு சிவலிங்கம் நிறுவிய அருவிப்புறம் ஒற்றசேகரமங்கலத்திலிருந்து அதிக தூரமில்லை. பிற்காலத்தில், 1927இல், களவங்கோடத்துக் கோயிலில் அவர் பிரதிஷ்டை செய்தது கண்ணாடியை.)

கடைக்காரர்களும் இதே பிளேடுக்கு வந்து சேர்ந்தார்கள். தோல் வாரில் தீட்டிய மடக்குக் கத்தி ஊருக்கெல்லாம் ஒன்று என்றிருந்த காலம் எய்ட்ஸ் பயத்தில் முடிந்தது. 1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் சென்னையில் கண்டறியப்பட்டன. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில், உறையோடு பிளேடை 'டக்'கென்று இரண்டாக ஒடித்து, பாதியைப் பிடியில் செருகி, வாடிக்கையாளர் பார்க்கும்படி வேலையைத் தொடங்குவது வழக்கமானது. தன் முகத்தை இரண்டு வாரம் தானே வெட்டிக்கொண்ட இளைஞன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால், அடுத்தவர் தொண்டையில் அசையாமல் 30 பாகை பிடிக்கிற கையை வேறு கண்ணோடு பார்ப்பான். "போய்ச் சிரை" என்று சொல்ல வாய் கொஞ்சம் கூசும்.

ஆனால் சொந்த ரேசர் முகத்தோடு நின்றுவிடுகிறது. காந்திக்கு இது பிரிட்டோரியாவில் தெரிந்தது. அங்கே வெள்ளைக்கார முடிதிருத்துநர் ஒருவர் அவருக்கு முடிவெட்ட மறுத்தார். உடனே ஒரு கிளிப்பர் வாங்கிக் கண்ணாடி முன்னால் நின்று தானே வெட்டிக்கொண்டதை 'சத்திய சோதனை'யில் எழுதியிருக்கிறார். சவரம் இங்கிலாந்து போகிறவர்கள் எல்லோரும் கற்றுவருவதுதான். முடிவெட்டுவதை யாரும் கற்பதில்லை. முன்பக்கம் ஒருவாறு தேறியது, பின்பக்கம் பாழானது. எலி கடித்ததா என்று நீதிமன்றத்தில் நண்பர்கள் சிரித்தார்கள். மறுத்தவர்மீது அவருக்குக் கோபமில்லை. கறுப்பர்களுக்கு வெட்டினால் அந்த ஆளின் வாடிக்கை போய்விடும். நம் நாவிதர்களைத் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கியவர்களுக்கு வேலை செய்ய நாமும்தான் விட்டதில்லை என்று கணக்கை நம் பக்கமே திருப்பினார்.

அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை. கேரளத்தின் இன்னொரு தமிழ் எல்லையில், இடுக்கி மாவட்டத்து வட்டவடையில், சக்கிலியர் சமூகத்தினருக்கு உள்ளூர் முடிதிருத்தும் கடைகளில் இடம் கிடையாது என்ற நிலை இருந்தது. முகத்தை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். தலைக்கு, சுமார் 40 கிலோமீட்டர் தள்ளியுள்ள மூணாறுபோல் வெளியூர்தான். கடைசியில் பஞ்சாயத்தே பொது முடிதிருத்தகம் ஒன்றைத் திறந்தது, சாதி கேட்காமல் யாரும் வந்து உட்காரலாம் என்று. அது 2020 செப்டம்பரில்.