லேபர் ஆபீசர் யாருக்கு ஆபீசர்?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் ‘மனிதவள அதிகாரி’ ஆக வழி தேடும் இளைஞர்களில் பலர் நம் பிள்ளைகள்தாம். வயலிலும் ஆலையிலும் பாடுபட்டுப் படிக்க வைத்தோம். போகட்டும், நாம் தடுக்கவில்லை. ஆனால் அந்த நாற்காலி வந்த கதையை அவர்களுக்கு யார் சொல்வது?

பழைய பஞ்சாலைகளில் ஆள் எடுப்பதும் விரட்டுவதும் மேஸ்திரியின் ராஜ்யம். மாமூல் அழுதால்தான் வேலை. அந்த அதிகாரத்தை மேஸ்திரியிடமிருந்து பறித்து லேபர் ஆபீசரை நியமிக்க வேண்டும் என்று 1931-ல் ராயல் லேபர் கமிஷன் சொன்னது. வெள்ளைக்கார சர்க்கார் போட்ட கமிஷனே சொன்னது! 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், 500 பேரோ அதற்கு மேலோ உழைத்த ஆலைகளில் நல அதிகாரியைக் கட்டாயமாக்கிற்று.

இன்று? ஆள் பிடிக்கும் வேலை மறுபடியும் காண்ட்ராக்டர் கைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. மேஸ்திரி சாகவில்லை, தோழர்களே! சட்டை மாற்றிக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கிறான்.

2024 செப்டம்பர் 9-ல் சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். சங்கத்தை அங்கீகரி என்பதே பிரதானக் கோரிக்கை. நிர்வாகமோ வேறொரு ‘கமிட்டி’யோடு ஒப்பந்தம் போட்டது! போராட்டம் 37 நாள் நடந்தது. சங்கம் பதிவானது 2025 ஜனவரியில்.

அதிகாரியாகப் போகும் பிள்ளைகளே, பேட்டியில் சம்பளத்தை மட்டும் கேட்காதீர்கள். நிரந்தரத் தொழிலாளி எத்தனை பேர், காண்ட்ராக்ட் எத்தனை பேர், சங்கம் உண்டா என்றும் கேளுங்கள். சங்கத்தில் சேருபவரை மிரட்டுவது, முதலாளிகள் கொண்டாடும் 2020-ம் வருஷத்துத் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின்படியும் குற்றமே. மிரட்டல் கடிதத்தில் கையெழுத்துப் போடச் சொல்லி உங்களிடம்தான் நீட்டுவார்கள்.