கூர்மாவா... குருமாவா?

'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது'ன்னு நம்ம பாட்டிகள் சொல்வாங்க இல்லையா? 2017 ஜனவரியில், உத்தரப் பிரதேசத்தின் அமேதி மாவட்டத்தில் ஒரு வீட்டுக்குள் புகுந்தது ஒண்ணு ரெண்டு ஆமை இல்லை பாஸ்... 6,430! மூட்டை மூட்டையாக, எல்லாம் உயிரோடு. மொத்த எடை நாலு டன்னுக்கும் மேல். பின்னாடியே அமீனாவுக்குப் பதிலா போலீஸ் சிறப்பு அதிரடிப் படை புகுந்தது.

சிக்கியது அத்தனையும் பாலாமை. நம்ம ஊர் குளம், கண்மாயிலும் இருக்கிற அதே வகைதான்.

இவ்வளவு ஆமை எதுக்கு? கங்கை, யமுனைப் பக்கம் பிடிக்கிற ஆமைகளுக்கு ரெண்டு ரூட். ஒண்ணு, ரயிலிலும் லாரியிலும் மேற்கு வங்கம். அங்கே ஆமைக்கறி பழைய பழக்கம். சட்டம் தடுத்தாலும் நாக்கு கேட்க மாட்டேங்குது! ரெண்டாவது ரூட் இன்னும் கொடுமை. மென்மையான ஓடு கொண்ட பெரிய ஆற்று ஆமைகளின் ஓட்டு விளிம்பில் குருத்தெலும்பு இருக்கும். அதை அறுத்து, காயவெச்சு, சிப்ஸ் மாதிரி ஆக்கி எல்லை தாண்டி அனுப்புறாங்க. போய்ச் சேருவது கிழக்காசியாவின் சூப்புக்கும் நாட்டு மருந்துக்கும்.

வனவிலங்கு குற்றத் தடுப்புப் பிரிவு, 2016 டிசம்பரில் 'ஆபரேஷன் சேவ் கூர்மா'ன்னு களம் இறங்கியது. ஆமாம், கூர்ம அவதாரத்தின் அதே கூர்மாதான். ஒன்றரை மாதத்தில் 15,739 ஆமைகள் மீட்பு, 45 பேர் கைது. 2009 முதல் 2019 வரை பத்து வருஷக் கணக்கைப் பார்த்தால், நாடு முழுக்கப் பிடிபட்ட நில, நன்னீர் ஆமைகள் 1 லட்சத்து 11 ஆயிரத்துக்கும் மேல். வாரத்துக்கு 200! இது மாட்டினது மட்டும். மாட்டாதது எவ்வளவோ?

'கோழி, ஆடு சாப்பிடலையா? ஆமை மட்டும் என்ன ஸ்பெஷல்?'னு ஹாஸ்டல் மெஸ்ஸில் ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. பதில் கணக்கில் இருக்கு மச்சான். கோழி சில வாரத்தில் வளர்ந்துடும். ஆமை முட்டையிடுற வயசுக்கு வரவே பல வருஷம் ஆகும். இடுற முட்டையையும் குஞ்சையும் நரி, உடும்பு, பறவைன்னு ஆளாளுக்குப் பங்கு போட்டுக்கும். தப்பிப் பிழைச்ச ஒரு தாய் ஆமை வருஷக்கணக்கா முட்டையிட்டுத்தான் அந்த நஷ்டத்தை ஈடு கட்டணும். மூட்டைக்குள் போறதோ அந்தப் பெரிய ஆமைகள்தான். ஒரு வருஷம் அட்மிஷன் குறைஞ்சா காலேஜ் சமாளிச்சுடும். புரொஃபசர்களை மொத்தமா மூட்டை கட்டிட்டா?

இன்னொரு வேடிக்கை கேளுங்க. 1986ல் தொடங்கிய கங்கை சுத்திகரிப்புத் திட்டத்தில், வாரணாசி பக்கம் ஆமைக்குஞ்சுகளை வளர்த்து ஆற்றில் விட்டாங்க. பாதி எரிஞ்ச பிணங்களைத் தின்னு தண்ணியைச் சுத்தம் பண்ணட்டும்னுதான். அங்கே 1989ல் அறிவிச்ச ஆமை சரணாலயத்தை 2020ல் ரத்தும் செஞ்சாச்சு. ஒரு பக்கம் அரசாங்கச் செலவில் குஞ்சை விட, மறுபக்கம் தாயைச் சாக்கில் கட்டினா ஆறு எப்படித் தாங்கும்?

வலை போடுறவங்களில் பலர் ஆத்தங்கரை ஏழைகள். மூட்டையோடு ரயிலில் மாட்டுறது கூலிக்குத் தூக்குறவங்க. சாப்பிடுறவர் தட்டு வரைக்கும் போலீஸ் வர்றது அபூர்வம். ஆனா மொத்த செயினுக்கும் ஸ்விட்ச் இருக்கிறது அந்தத் தட்டில்தான்!

வடக்கே நடக்கிற கதைன்னு நாம தப்பிச்சுக்க முடியாது. 'மூலத்துக்கு ஆமைக்கறி நல்லது'ன்னு நம்ம ஊரிலும் ரகசியமா வாங்குறவங்க உண்டு. அதுக்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. ஜெயில் உண்டு! பாலாமை, 1972 வனவிலங்கு சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கு. பிடிச்சாலும் வித்தாலும் வாங்கினாலும் குற்றம். மூணு வருஷம் முதல் ஏழு வருஷம் வரை உள்ளே. காவிரியில் வாழும் லீத் மென்ஓட்டு ஆமையோ அழிவின் விளிம்புக்கே போயிடுச்சு.

அதனால, அடுத்த தடவை ஊர்ப்பக்கம் யாராவது 'ஸ்பெஷல் கறி இருக்கு தம்பி'ன்னு கண்ணடிச்சா, 'வேண்டாம்ணே'னு சொல்லிட்டு வனத்துறைக்கு ஒரு போன் போடுங்க. கூர்மா ஆத்துல இருக்கட்டும். குருமாவுக்கு உருளைக்கிழங்கு போதும்!