பொறந்த வீட்டுக் கோடி

குடும்ப வரலாறு என்பது இந்த நாட்டில் நிலம் வைத்திருப்பவனின் சொத்து. பட்டா, பாகப்பிரிவினைப் பத்திரம், கோயில் கல்வெட்டு என்று அவனுடைய பாட்டனும் பூட்டனும் காகிதத்திலும் கல்லிலும் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறார்கள். சேரியில் பாட்டனுக்கு அப்பன் பெயரைக் கேட்டால் பலரும் திணறுகிறோம். ‘உங்களுக்கெல்லாம் ஏதுய்யா வரலாறு?’ என்று கேட்கிறவன் இந்தத் திணறலைத்தான் சாட்சிக்கு இழுக்கிறான். நான் சொல்ல வருவது இதுதான்: நம் உறவின் வரலாறு நம் கிழவிகளின் வாயில் இருக்கிறது. சாவு வீட்டில் ஒரே ஒரு நாள் அது முழுசாக வெளியே வருகிறது. மறுநாள் பால் தெளித்ததோடு கலைந்துபோகிறது. அதை எழுதி வைப்பது இயக்க வேலை.

ஒரு வேடிக்கையைப் பாருங்கள். ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் சேதி சொல்லப் போனவர்கள் யார்? நம் ஆட்கள்தான். பத்து மைல், பதினைந்து மைல் நடை. சம்பந்தி வீடு எது, கொழுந்தியாள் வீடு எது, எந்த வீட்டுக்கு முதலில் சொல்ல வேண்டும், எவரை விட்டால் சண்டை வரும் என்பதெல்லாம் அவர்கள் தலைக்குள் இருந்தது. ஊர்க்காரன் வீட்டு உறவுக்கொடி முழுவதையும் மனப்பாடமாகச் சுமந்தவன், அவன் வாசலுக்கு வெளியே நின்று சேதி சொல்லிவிட்டுத் திரும்பினான். அவனைப் பார்த்துத்தான் ‘உனக்கு ஞாபகம் கிடையாது’ என்கிறார்கள்! அந்த அடிமை வேலையை மறுத்து நம்மவர்கள் அடி வாங்கியிருக்கிறார்கள். மறுத்தது சரி. ஆனால் அந்த ஞாபகத் திறன் நம்முடையது. அதை நமக்காகச் செலவழிக்க வேண்டிய காலம் இது.

மதுராந்தகம் பக்கத்தில் உள்ள எங்கள் சேரியில் 2019-இல் என் ஆயா செத்துப்போனது. அப்பாவைப் பெற்ற ஆயா. வயசு தொண்ணூறை நெருங்கியிருந்தது. எங்கள் பக்கத்தில் பொம்பளை செத்தால் பொறந்த வீட்டுக் கோடி விழாமல் பிணத்தை எடுக்க மாட்டார்கள். எத்தனை பேரன் பேத்தி எடுத்திருந்தாலும் கடைசிப் புடவை அவள் பிறந்த வீட்டிலிருந்துதான் வர வேண்டும். பங்காளிகள் மூங்கில் வெட்டப் போய்விட்டார்கள். பறையும் தொடங்கிவிட்டது. அப்போதுதான் கேள்வி வந்தது: ‘கெழவிக்குக் கோடி யாருடா போடறது?’

அப்பாவுக்குத் தெரிந்த தாய்மாமன் ஒருவர்தான். அவரும் பிள்ளையில்லாமல் செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. ‘அப்ப ஆளில்ல, நாமளே போட்டுருவோம்’ என்று ஆம்பளைகள் முடிவு கட்டினார்கள். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த ஒரு கிழவி, ஆயாவுக்கு ஓரகத்தி முறை, அழுகையை நிறுத்தாமலே அதற்குப் பதில் சொன்னாள். ஆயாவோடு கூடப் பிறந்தவர்களை வரிசையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அழுதாள். தங்கவயலுக்கு ரயிலேறிப் போன அண்ணனைக் கூப்பிட்டாள். வேதத்தில் சேர்ந்து பட்டணத்தில் வாக்கப்பட்டுப் போன தங்கச்சியைக் கூப்பிட்டாள். அப்பா எழுந்து போய், ‘இன்னா சின்னம்மா சொல்ற? எங்கம்மாவுக்குத் தங்கச்சியா?’ என்று கேட்டார். ‘ஒனக்கு இன்னாடா தெரியும்? ஒரே வயித்துல நாலு பேரு’ என்றாள்.

ஆயாவின் தகரப் பெட்டியைத் திறந்தோம். ரேஷன் கார்டுக்கும் முதியோர் பென்ஷன் காகிதத்துக்கும் அடியில் பழைய கல்யாணப் பத்திரிகைகள். எழுதப் படிக்கத் தெரியாத ஆயா அத்தனையையும் சேர்த்து வைத்திருந்தது. ஒன்றில் சாம்பியன் ரீஃப் விலாசம். இன்னொன்றில் வியாசர்பாடி தேவாலயம். ராபர்ட்சன்பேட்டையில் இருக்கும் தோழர் ஒருவருக்குப் போன் போட்டோம். அவர் சுரங்கத் தொழிலாளர் லைன்களில் விசாரித்து அன்று மாலைக்குள் ஆளைப் பிடித்துவிட்டார். ஐஸ் பெட்டி வரவழைத்து மறுநாள் வரை காத்திருந்தோம்.

தங்கவயலிலிருந்து வந்தவர் ஆயாவின் அண்ணன் மகன். எனக்கு மாமா முறை. 2001-இல் சுரங்கத்தை மூடும்வரை அதில் வேலை செய்தவர். அதற்குப் பிறகு தினமும் விடியற்காலை ரயிலில் பெங்களூர் போய் செக்யூரிட்டி வேலை பார்க்கிறவர். ‘எங்கப்பா போட வேண்டிய சேலை இது’ என்று ஆயாவின் மேல் கோடியைப் போர்த்தினார். வியாசர்பாடியிலிருந்து வந்தவர் ஆயாவின் தங்கச்சி மகள், நர்ஸ் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். எனக்கு அத்தை முறை. வாய்க்கரிசி போட மாட்டேன் என்றார். தலைமாட்டில் நின்று ஜெபம் செய்தார். யாரும் தடுக்கவில்லை. ஆளையே தெரியாமல் இருந்தும் முறை சொல்லிக் கூப்பிட எங்களுக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அடக்கம் முடிந்து பந்தலில் உட்கார்ந்து பேசும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. ஒரே வயிற்றில் பிறந்த மூன்று கிளைகளுக்கு அரசாங்கம் மூன்று விதமான காகிதம் கொடுத்திருக்கிறது.

எங்களுக்கு ‘இந்து ஆதிதிராவிடர்’. தங்கவயல் மாமாவின் அப்பா பௌத்தர். 1907-இல் அயோத்திதாசர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ வாசிக்கப்பட்ட மண் அது. அவருடைய நூல்களை சாம்பியன் ரீஃபில் இருந்த சித்தார்த்தா புத்தகசாலைதான் வெளியிட்டது. ஆனால் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அந்த பௌத்தர் ‘இந்து’ என்றுதான் எழுதினார். காரணம் 1950-ஆம் வருட ஜனாதிபதி ஆணை. இந்துவாக இல்லாதவன் பட்டியல் சாதி இல்லை என்றது அது. 1956-இல் சீக்கியரைச் சேர்த்தார்கள். பௌத்தரைச் சேர்க்க 1990 வரை ஆனது. மாமாவின் மகள் சென்னையில் அரசு வேலைக்கு மனுப் போடப் போனபோது இன்னொரு கதவு அடைத்திருந்தது. ‘ஆதி திராவிடா’ என்ற பெயர் கர்நாடகப் பட்டியலிலும் இருக்கிறது, தமிழ்நாட்டுப் பட்டியலிலும் இருக்கிறது. இருந்தாலும் அங்கே வாங்கிய சான்றிதழுக்கு இங்கே இடஒதுக்கீடு கிடையாது. மாநிலம் மாறினால் இந்த உரிமை கூடவே வராது என்று 1990-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வியாசர்பாடி அத்தையின் பிள்ளைகளோ பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில். கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடரைத் தமிழ்நாடு அங்கேதான் வைத்தது. அந்தப் பிள்ளைகளைச் சாதிப் பெயர் சொல்லி எவனாவது திட்டினால் 1989-ஆம் வருட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் துணைக்கு வராது. ‘வாடகைக்கு வீடு கேட்டுப் போனா மட்டும் நாங்க பறப்பய வூட்டுப் புள்ளைங்கதான்’ என்றார் அத்தை. மதம் மாறினால் சாதி போய்விட்டது என்று சட்டம் சொல்கிறது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறித்தவர்களின் பிணத்தைத் தனியே புதைக்கச் சுவர் எழுப்பியவர்களைக் கேட்டால் சாதி போயிற்றா இல்லையா என்று தெரியும். 2022-இல் ஒன்றிய அரசு இதை ஆராய ஓர் ஆணையம் போட்டது. 2023-இல் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானமும் போட்டது. அந்தக் கிழவி கேட்டிருந்தால் சிரித்திருப்பாள். ஒரே வயிறு என்பதற்கு அவளுக்கு ஆணையம் தேவைப்படவில்லை.

நம்மை எழுதி வைத்த காகிதமே இல்லை என்பதும் உண்மையல்ல. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டால் தோட்டங்களுக்கு ஒன்றரை இலட்சம் பேரை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். செங்கல்பட்டு, வட ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து மெட்ராஸ் துறைமுகம் வழியாகப் போனவர்கள் ஏராளம். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் எண் உண்டு. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர் உண்டு. உடம்பில் எங்கே தழும்பு என்பதுகூட உண்டு. முதலாளிக்குத் தேவையானது அவ்வளவுதான். யாருடைய அண்ணன், யாருடைய தங்கச்சி என்பது அவனுக்கு எதற்கு? நம் உடம்பை எழுதினார்கள், உறவை எழுதவில்லை. சாதிச் சான்றிதழும் அந்தப் பட்டியலின் வாரிசுதான்.

இதில் நம் வீட்டு ஆம்பளைகளுக்கும் பங்கு உண்டு. நாமும் பங்காளி வரிசையைத்தான் எண்ணுகிறோம். கல்யாணமாகி வந்தவளின் பிறந்த வீட்டை இரண்டே தலைமுறையில் மறந்துவிடுகிறோம். ஆயாவின் தங்கச்சி இருந்தது அவள் பெற்ற மகனுக்கே தெரியவில்லை. ஆனால் அடுத்த தெரு ஓரகத்திக்குத் தெரிந்திருந்தது. பெண்கள் ஞாபகத்தை ஒப்பாரியில் வைத்திருக்கிறார்கள். நாமோ அதை வெறும் அழுகை என்கிறோம். கொஞ்சம் இயக்க வாசம் பட்டவர்கள் ‘தலித் பண்பாடு’ என்று மேடையில் பாட வைத்துக் கைதட்டுகிறோம். அதில் வரும் பெயர்களை யார் எழுதி எடுக்கிறார்கள்? சுடுகாட்டுப் பயணத்தில் தெருமுனையோடு பெண்களைத் திருப்பி அனுப்புகிறோமே, அப்போது முழு உறவுக் கணக்கும் தெரிந்தவர்களைத்தான் திருப்பி அனுப்புகிறோம்.

இது வெறும் பாச விஷயமா? இல்லை. 1892-இல் ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்காகப் போராடித்தான் 1994-இல் காரணையில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிரைக் கொடுத்தார்கள். பழைய பதிவேட்டில் ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயருக்கும் இன்றைக்குச் சேரியில் இருக்கிறவனுக்கும் நடுவில் உள்ள கண்ணியைச் சொல்லத் தெரிந்தவள் செத்துவிட்டால், மனுவில் எதை எழுதுவது? தங்கவயலிலும் வியாசர்பாடியிலும் இருக்கும் கிளைகளைத் தெரியாமல் ‘நாம்’ என்று எவ்வளவு பேரைச் சொல்வது?

மாணவத் தோழர்களே, லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டு வாங்கிப் போங்கள். சேரியிலேயே வயசான பொம்பளை யார் என்று பார்த்து, அவள் உயிரோடு இருக்கும்போதே பக்கத்தில் உட்காருங்கள். ‘ஒன் பொறந்த வூடு எது? கூடப் பொறந்தவங்க யாரு? எங்க போனாங்க, ஏன் போனாங்க?’ இந்த மூன்றையும் கேளுங்கள். பெண் வழியிலிருந்து எழுதுங்கள். யார் வேதத்தில் சேர்ந்தது, யார் பௌத்தம் போனது, யாருக்கு எந்தச் சான்றிதழ் என்று பக்கத்திலேயே குறியுங்கள். பல நோட்டுகள் சேரும்போது, 1950 ஆணையின் மூன்றாவது பத்தி எத்தனை குடும்பங்களைக் கூறு போட்டது என்று நம்மிடமே கணக்கு இருக்கும். அதை வைத்துக் கேட்போம். எழுதியதை இந்தப் பக்கங்களுக்கும் அனுப்பி வையுங்கள். பெயர்களை மாற்றிப் போடலாம்; முறையை மாற்ற வேண்டாம்.