மருந்து வேண்டாம் என்று சொல்ல ஓர் உத்தியோகஸ்தர்

நெல்வயலில் புகையான் பூச்சியைக் கண்ட விவசாயி முதலில் ஓடுவது மருந்துக்கடைக்குத்தான். கடைக்காரரும் இருப்பதை எடுத்துக் கொடுக்கிறார். விற்பது அவர் தொழிலாகையால் அவரை நோவதற்கில்லை. ஆனால், ‘இப்போது ஒன்றும் அடிக்க வேண்டாம், சில நாள் பொறுத்துப் பாருங்கள்’ என்னும் யோசனையால் யாருக்கும் காசு கிடைப்பதில்லை. ஆகவே அதைச் சொல்ல ஆளும் இல்லை. அந்த யோசனையைக் காரண காரியத்தோடு சொல்லத்தக்க கல்வி படைத்த வேளாண் சூழலியலாளரைச் சர்க்கார்தான் சம்பளம் கொடுத்து வயலுக்கு அனுப்ப வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

இந்தோனேசியாவில் நடந்ததைப் பார்க்கலாம். 1984-ல் அரிசியில் தன்னிறைவு எய்திவிட்டதாகப் பெருமை கொண்ட அத்தேசம், பூச்சிமருந்தின் விலையில் பெரும்பகுதியை மானியமாகத் தானே ஏற்று, அதைத் தாராளமாகத் தெளிக்கச் செய்தது; இரண்டே வருஷங்களில் ஜாவாவின் வயல்கள் புகையானால் கருகின. மருந்து போதாமையால் அன்று, மிகுந்தமையாலேயே இந்த விபரீதம் நேர்ந்தது என்று சூழலியலாளர்கள் பிரத்தியட்சமாகக் காட்டினார்கள்: புகையான் தன் முட்டைகளை இலையுறைக்குள் செருகி வைப்பதால் அவை நஞ்சுக்குத் தப்பிவிட, வெளியே திரியும் சிலந்திகளும், அம்முட்டைகளை உறிஞ்சி வாழும் மிரிட் நாவாய்ப்பூச்சிகளும் மடிய, பொரித்து வரும் குஞ்சுகளுக்குப் பகையே இல்லாத வயல் வாய்த்துவிடுகிறது. அதிபர் சுகார்த்தோ 1986 நவம்பரில் 57 மருந்துகளை நெல்லுக்கு ஆகாதென விலக்கினார். 1989-க்குள் மானியமும் நின்றது. அவ்வருஷம் தொடங்கிய வயல்வெளிப் பள்ளிகளில் விவசாயிகள் வாரந்தோறும் சேற்றில் இறங்கிப் பூச்சிகளை எண்ணி, சித்திரம் வரைந்து, தமக்குள் தர்க்கித்துத் தாமே முடிவு செய்யப் பழகினார்கள். விளைச்சல் குன்றவில்லை. ஒரு சர்வாதிகாரியின் கையெழுத்தால் இது நடந்தது என்பது நமக்கு உவப்பானதன்று. ஆயினும் அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் பூச்சிகளை எண்ணியவர்களின் பல வருஷ உழைப்பு இருந்தது.

2021-ல் இலங்கையில் விழுந்த கையெழுத்துக்குப் பின்னால் அப்படி ஏதும் இல்லை. இயற்கை வேளாண்மையின் பேரால் இரசாயன உர இறக்குமதி திடீரென்று நிறுத்தப்பட்டது. மண் தேறப் பல பருவங்கள் செல்லும் என்று அறிந்தவர்கள் சொன்னது அம்பலம் ஏறவில்லை. நெல்லும் தேயிலையும் அடிபட்டு, அவ்வாண்டு முடியுமுன் ஆணை பின்வாங்கப்பட்டது. இயற்கை வேளாண்மைக்கு அதன் விரோதிகளால் இவ்வளவு தீங்கு செய்திருக்க முடியாது.

நம் மாநிலத்தில் சாஸ்திரத்துக்குப் பஞ்சமில்லை. சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான் கண்டால் நடவடிக்கை வேண்டும், குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம் என்று கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் சிலந்தியையும் கணக்கில் சேர்த்தே சிபாரிசு செய்கிறது. இதைக் குனிந்து எண்ணிப் பார்ப்பவர் யார்? உதவி வேளாண்மை அலுவலர்கள் இருக்கிறார்களே என்பார்கள். விதை விநியோகமும் மானியப் பட்டியலும் திட்ட இலக்குகளும் அவர்கள் பொழுதைத் தின்றுவிடுகின்றன. எத்தனை லிட்டர் மருந்து மிச்சமாயிற்று என்று அவர்களைக் கேட்கும் மேலதிகாரியும் இல்லை.

2021 முதல் வேளாண்மைக்கெனத் தனி நிதிநிலை அறிக்கை வாசிக்கும் அரசு, வட்டாரத்துக்கு ஒரு சூழலியலாளர் பதவியை அதில் சேர்க்கட்டும். இடுபொருள் விநியோகத்தோடு அப்பதவிக்கு எவ்வித சம்பந்தமும் இருத்தலாகாது; குறைந்தது ஐந்து வருஷமேனும் அவரை அதே வட்டாரத்தை விட்டு மாற்றவும் கூடாது.