மறுவீட்டுக்கு அப்புறம்

கல்யாணம் நிச்சயமான வீட்டில் மண்டபம் அமைந்ததும் அடுத்த பேச்சு சாப்பாடுதான். காலை டிபனுக்கு எத்தனை அயிட்டம், முகூர்த்த இலையில் பாயசம் ஒன்றா இரண்டா, ராத்திரி ரிசப்ஷனுக்கு தோசை கவுண்டர் தனியாக வேண்டுமா என்று மாதக்கணக்கில் அலசுவார்கள். என் அக்கா வீட்டில் இப்போது அதுதான் நடக்கிறது. தை பிறந்ததும் மகளுக்குக் கல்யாணம். கும்பகோணத்தில் சைவச் சாப்பாடு சாப்பிட்டே வளர்ந்தவள் அவள். மாப்பிள்ளை மதுரைப் பையன். ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்காவிட்டால் அடுப்பே பற்றவைக்காத மாதிரி நினைக்கிற வீடு. இருவரும் மதுரையில் ஒரே ஆபீஸ், பழகிப் பிடித்துப்போய், பெரியவர்களைப் பேசிச் சம்மதிக்க வைத்தவர்கள். முகூர்த்தச் சாப்பாடு சைவம், மறுவீட்டில் கறிவிருந்து என்று இரண்டு குடும்பமும் சுமுகமாக முடிவு செய்துவிட்டன. மறுவீட்டுக்கு அப்புறம் இந்த இரண்டு பேரும் தினப்படி என்ன சாப்பிடப் போகிறார்கள் என்பதை மட்டும் யாருமே கேட்கவில்லை. எனக்கு அது பெரிய கேள்வியாகப் பட்டது. அதைக் கேட்பதற்காகவே போன சனிக்கிழமை திருச்சியில் மதுரை பஸ் ஏறினேன்.

மாட்டுத்தாவணியில் இருவருமே வந்து நின்றிருந்தார்கள். "வாங்க அத்தை, முதல்ல ஒரு ஜிகர்தண்டா குடிச்சுட்டு அப்புறம் வீட்டுக்குப் போவோம்" என்று பையன் பையை வாங்கிக்கொண்டான். விளக்குத்தூண் பக்கம் கடை. கடற்பாசி, நன்னாரி சர்பத், சுண்டக் காய்ச்சி ஆறவைத்த பால், மேலே ஐஸ்கிரீம். பால் சுண்டிச் சுண்டி இளஞ்சிவப்பாக மாறின நிறம் கண்ணாடி டம்ளருக்குள் தெரியும். மதுரை வெயிலில் நின்றுகொண்டு குடித்தால்தான் அதன் அருமை முழுசாகப் புரியும்.

அந்த விளக்குத்தூணே பிளாக்பர்ன் என்ற கலெக்டர் நினைவாக நட்டது என்று பையன் காட்டினான். 1840களில் மதுரைக் கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து, ஊரை வெளியே விரிய விட்டவர் அவர். அந்த வேலையைச் செய்த சர்வேயர் மாரட், மேஸ்திரி பெருமாள் இருவர் பெயரிலும் இன்றைக்கும் வீதி இருக்கிறது. வேலை வாங்கின கலெக்டரோடு வேலை பார்த்த மேஸ்திரிக்கும் ஊர் ஒரு வீதியைக் கொடுத்திருக்கிறதே என்று எனக்கு மனசு நிறைந்தது. ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று கோயிலைச் சுற்றிச் சுற்றி விரிகிற வீதிகளில் அவன் பேசிக்கொண்டே நடக்க, அவள் இடையிடையே திருத்திக்கொண்டு வந்தாள். வந்த ஊரை இவள் அவ்வளவு படித்து வைத்திருக்கிறாள்.

சாயங்காலம் பருத்திப்பால். இது எனக்கு ரொம்ப இஷ்டம். பருத்திக்கொட்டையை ராத்திரி முழுக்க ஊறப்போட்டு அரைத்து, துணியில் பிழிந்து பாலெடுத்து, அரிசிமாவு கரைத்துக் கொதிக்கவிட்டு, கருப்பட்டிப் பாகு, சுக்கு, ஏலம், தேங்காய்ப்பூ சேர்ப்பார்கள். கைவிடாமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் கவனம் தப்பினால் அடிப்பிடித்துவிடும். கடைக்காரர் டம்ளரில் ஊற்றி நீட்டியதும் பையன் முதலில் என்னிடம் கொடுத்தான், அடுத்தது அவளிடம். தன்னுடையதை வாங்குவதற்கு முன் கடைக்காரரிடம், "அண்ணே, இதுல சுக்கு கம்மியா ஒண்ணு கொடுங்க, இவங்களுக்கு நெஞ்செரிச்சல்" என்று அவளுக்காக மாற்றி வாங்கினான். அவள் கேட்கவில்லை. அதைப் பார்த்ததும் நான் வந்த காரியம் பாதி முடிந்தது என்று நினைத்தேன்.

மீதிப் பாதி ராத்திரி சிம்மக்கல் கோனார் கடையில். கறி தோசை அவனுக்கு உயிர். "நீ போய்ச் சாப்பிட்டு வா, நாங்க இட்லிக் கடைக்குப் போறோம்" என்று நான் சொன்னேன். அவள்தான், "இல்லை சித்தி, நாமளும் போய் உட்காருவோம்" என்றாள். போய் எதிரே உட்கார்ந்தோம். நான் கறி சாப்பிடுகிறவள் இல்லை, ஆனாலும் அந்தத் தோசைக்கல்லில் நடக்கிற வேலையை ரசிக்காமல் இருக்க முடியவில்லை. மாவைக் கனமாக ஊற்றி, அது வேகும்போதே மேலே முட்டையை ஊற்றிப் பரப்பி, பொடிப்பொடியாக வெந்த ஆட்டுக்கறியை அள்ளி வைத்துத் தட்டி, சுற்றிலும் எண்ணெய் விட்டு, நேரம் பார்த்து ஒரே திருப்பு. கறி கீழே போய்க் கல்லில் சுடுபடும்போது எழும்புகிற வாசனைக்கு வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். தோசை மூன்று அடுக்காகத் தட்டுக்கு வருகிறது.

அவன் சாப்பிட்டான். தயங்கித் தயங்கி ஒளிந்து சாப்பிடவும் இல்லை, ஒரு வாய் தின்று பார் என்று அவளை வற்புறுத்தவும் இல்லை. அவளும் முகம் சுளிக்காமல் பேசிக்கொண்டிருந்தாள். ஆனால், "இங்க சாதா தோசை சொல்லட்டுமா?" என்று நான் கேட்டதற்கு, "அதே கல்லு சித்தி, என்னால முடியாது" என்றாள் தெளிவாக. அவன் தலையாட்டினான். அவளுக்கும் எனக்கும் அப்புறம் வேறு கடையில் இட்லியும் நாலு வகைச் சட்னியும். அங்கே அவன் எதிரே உட்கார்ந்து எங்களுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தான்.

இந்த "என்னால முடியாது" கல்யாணத்துக்கு முன்பே சொல்லப்பட வேண்டிய ஒன்று. எனக்குத் தெரிந்த வீடுகளில் எத்தனையோ பெண்கள் இதைச் சொல்லாமல் விழுங்கிவிட்டு, வருஷக்கணக்கில் மூக்கைப் பொத்திக்கொண்டு கறிச்சட்டி கழுவியிருக்கிறார்கள். வீட்டில் ஆசைப்பட்ட மீன் குழம்பைக் கேட்க வாய் வராமல், ஆபீஸ் போகிற வழியில் ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு வருகிற ஆண்களும் உண்டு. ஜாதகத்தை மூன்று ஜோசியரிடம் காட்டுகிறோம். அடுப்படி விஷயத்தை மட்டும் "போகப் போகச் சரியாயிரும்" என்று விட்டுவிடுகிறோம். அது சரியாவதில்லை, ஒருவர் வாயை மூடிக்கொள்கிறார், அவ்வளவுதான்.

ஞாயிறு காலை அழகர்கோவில். ஊரிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம். அங்கே பிரசாதமே தோசைதான். பச்சரிசியும் தோலோடு கூடிய கறுப்பு உளுந்தும் அரைத்து, மிளகும் சீரகமும் சுக்கும் தட்டிப்போட்டு நெய்யில் வேகவைத்த கனத்த தோசை. தொட்டுக்கொள்ள எதுவும் வேண்டாம். விரலெல்லாம் நெய், தொண்டையில் மிளகுக் காரம். மலையடிவாரத்துக் காற்றில் மரத்தடியில் உட்கார்ந்து அவன் அதைப் பிய்த்து மூன்று பங்கு வைத்தான். ராத்திரி கறி தோசையை எவ்வளவு ஆசையாகச் சாப்பிட்டானோ அதே ஆசையோடு இதையும் சாப்பிட்டான்.

அங்கேதான் கேட்டேன். "வீட்டுல சமையல் எப்படிப்பா?"

"நான் சாப்பிடறதை நான் சமைச்சுக்குவேன் அத்தை. அந்தச் சட்டியையும் நானே கழுவிருவேன். மத்ததெல்லாம் ரெண்டு பேரும் சேர்ந்து."

சொல்வது எளிது, சமைக்கத் தெரியுமா என்றேன். அவள் முந்திக்கொண்டாள். சித்திரையில் மீனாட்சி திருக்கல்யாணத்தன்று சேதுபதி பள்ளியில் ஊருக்கே விருந்து போடுவார்கள். மீனாட்சிக்கும் சொக்கருக்கும் சொந்த வீட்டுக் கல்யாணம் போல ஜனங்கள் மொய் வைத்துவிட்டுச் சாப்பிடுவார்கள். அந்த விருந்துக்கு முந்தின ராத்திரி காய் நறுக்க ஊர்க்காரர்கள் திரண்டு போவார்கள். இவன் பள்ளிக்கூடம் படிக்கிற காலத்திலிருந்து அம்மாவோடு போய் உட்கார்ந்து நறுக்குகிறவனாம். "பூசணிக்காயை என்னைவிட வேகமா நறுக்குவான் சித்தி. போன சித்திரைக்கு நானும் கூடப் போனேன்" என்றாள். அவன் வெட்கப்பட்டுத் தோசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மதியம் அவன் வீட்டில் சாப்பாடு. அன்றைக்கு நாங்கள் வருவதால் கறி எடுக்கவில்லை போல என்று நினைத்தேன். வெந்தயக் குழம்பு, வாழைக்காய் வறுவல், ரசம், அப்பளம். "நீங்க வர்றீங்கன்னு நிறுத்தல, அவன்தான் இன்னைக்கு வேணாம்னுட்டான்" என்றார் அவன் அம்மா. என் மனசில் இருந்ததை அவரிடமும் மறைக்காமல் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, தான் கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் வீட்டுப் புளிப்பு ஒத்துக்கொள்ளாமல் மோர்ச்சோறு மட்டும் சாப்பிட்ட நாட்களைச் சொல்ல ஆரம்பித்தார். பையனுக்கே அது புதுச் செய்தி போல. கை கழுவப் போனவன் அப்படியே நின்று கேட்டான்.

திருச்சி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அக்காவுக்கு போன் போட்டேன். சீர் சாமான் பட்டியலில் தோசைக்கல் ஒன்று என்று எழுதியிருப்பதை இரண்டு என்று மாற்றச் சொன்னேன். இரண்டுமே இரும்புக் கல், கைப்பிடி நிறம் வேறுவேறாக. எதற்கு என்று கேட்டாள். சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ வாணலியும் ரெண்டு வேணுமேடி?" என்றாள். ஆமாம், வாணலியும் இரண்டு. கரண்டியும்தான்.