கூஸ்நெக் கெட்டில்: கரன்ட்டா, கேஸ் அடுப்பா... எது உங்களுக்கு செட் ஆகும்?

2025 பிப்ரவரியில் அராபிகா காபி, உலகச் சந்தையில் பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டி புதிய உச்சம் தொட்டது. கொட்டை இவ்வளவு காஸ்ட்லி ஆன பிறகு, வாங்கிய தூளை வீணாக்காமல் குடிக்கணும் என்ற அக்கறை வருவது நியாயம்தான். அந்த அக்கறையில் போர்-ஓவர் போட ஆரம்பிப்பவர்கள் அடுத்துத் தேடுவது, மெலிந்து வளைந்த மூக்குள்ள கூஸ்நெக் கெட்டில். எலெக்ட்ரிக் வாங்குவதா, அடுப்பில் வைப்பதா? குழப்பமே அங்கேதான்.

தண்ணீரைச் சன்னமாக, சீராக ஊற்றவே அந்த மூக்கு. அது ரெண்டிலும் உண்டு. எலெக்ட்ரிக்கில் நீங்கள் கூடுதலாகக் காசு கொடுப்பது வெப்பக் கட்டுப்பாட்டுக்கு. போர்-ஓவருக்கு 90 முதல் 96 டிகிரி வரை சரியாக இருக்கும். லைட் ரோஸ்ட்டுக்குச் சூடு கொஞ்சம் அதிகம், டார்க் ரோஸ்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. டிகிரி செட் பண்ண முடியாத எலெக்ட்ரிக் மாடல் என்றால், அதற்கு அதிக விலை கொடுப்பதில் அர்த்தமில்லை.

கரன்ட் பில் பயம் வேண்டாம். அரை லிட்டர் தண்ணீரைச் சூடாக்க ஒரு யூனிட்டில் இருபதில் ஒரு பங்குதான் ஆகும். ஆனால், 1,000 வாட் கெட்டிலை வீட்டிலுள்ள சின்ன இன்வெர்ட்டர் தாங்காது. கரன்ட் போனால் காபியும் போச்சு! அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர்கள் வாங்கி வந்தால், வோல்டேஜைப் பாருங்கள். 120 வோல்ட் கெட்டிலை நம்ம ஊர் 230 வோல்ட்டில் செருகினால் கருகிவிடும்.

அடுப்புக் கெட்டிலுக்கு கரன்ட் வேண்டாம், ரிப்பேர் செலவும் குறைவு. தீயைச் சின்னதாக வையுங்கள். பக்கவாட்டில் ஏறினால் கைப்பிடி சுடும். கொதித்ததும் இறக்கி, மூடியைத் திறந்து அரை நிமிடம் விடுங்கள். துல்லியம் வேண்டுமென்றால் ஒரு தெர்மாமீட்டர் போதும். ஊட்டிக்காரர்களுக்கு அந்தக் காத்திருப்பும் இல்லை. அங்கே தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். இண்டக்‌ஷன் அடுப்பா? அடிப்பகுதியில் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஆக, அடுப்பே இல்லாத ரூமில் தங்கி, தினமும் அவசரத்தில் காபி போடுபவர்களுக்கு எலெக்ட்ரிக். கேஸ் அடுப்பும் அஞ்சு நிமிடப் பொறுமையும் இருந்தால், அடுப்புக் கெட்டிலே தாராளம். மிச்சமாகும் காசை நல்ல கிரைண்டரில் போடுங்கள். ருசியில் பெரிய மாற்றம் வருவது அங்கேதான். பாலும் சிக்கரியும் சேர்ந்த டிகிரி காபிதான் உங்கள் உயிரா? ரெண்டு கெட்டிலுமே தேவையில்லை பாஸ், பித்தளை ஃபில்டர் போதும்!