சரோஜாவுக்கு அழுதோம்... சொந்த அக்காவுக்கு?

எனக்கு வயது 38. பத்தாவது வரை படித்தவள். கணவர், ஒரு மகள், ஒரு மகன் என்று அளவான குடும்பம். 'எங்கள் காலத்து டிவி மாதிரி வருமா?' என்று நம் வயதுப் பெண்கள் பெருமூச்சு விடும்போதெல்லாம் என் மனதில் ஒரு விஷயம் உறுத்தும். இன்று அதை எழுதிவிடுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது சாத்தூர் பக்கம். அப்பாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை. நாங்கள் மூன்று பெண்கள். நான் நடுவில் பிறந்தவள். அப்போது எங்கள் வீட்டில் டிவி கிடையாது. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', ஞாயிற்றுக்கிழமை படம் எல்லாவற்றுக்கும் எதிர்வீட்டு ஜன்னல்தான் கதி. தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு, என் கையையும் பிடித்தபடி அக்கா நின்றுகொண்டே பார்ப்பாள்.

1997-ல் தூர்தர்ஷனில் 'சக்திமான்' வந்தபோது எனக்குப் பத்து வயது. இந்தி ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் அநியாயம் நடக்கிற இடத்துக்குச் சுழன்று வந்து காப்பாற்ற ஒருத்தர் இருக்கிறார் என்று புரிந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு அது போதாதா?

1999-ல் 'சித்தி' வந்தது. அதற்குள் எங்கள் வீட்டிலும் ஒரு பழைய டிவி வாங்கியிருந்தோம். சித்தி என்றாலே கொடுமைக்காரி என்று கேட்டு வளர்ந்த எங்களுக்கு, ராதிகா நடித்த அந்தச் சித்தி புதுசாக இருந்தாள். பிறகு 2002-ல் 'மெட்டி ஒலி'. தாயில்லாத ஐந்து பெண்களை வளர்த்துக் கட்டிக்கொடுக்கும் அப்பா சிதம்பரத்தின் கதை. மூன்று பெண்களைப் பெற்ற எங்கள் அப்பாவுக்கு அது கதையாகவே தெரியவில்லை. சாப்பிட்ட தட்டில் கை காய்ந்துபோவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டாவது பெண் சரோஜா, புருஷன் மாணிக்கத்திடமும் மாமியார் ராஜம்மாவிடமும் படுகிற பாட்டைப் பார்த்து அம்மா முந்தானையால் கண்ணைத் துடைப்பார். எங்கள் தெருவே மாணிக்கத்தைத் திட்டித் தீர்த்தது.

இதற்கு நடுவே 2003-ல் அக்காவுக்குக் கல்யாணம் ஆனது. மறுவருஷம் ஒருநாள் காலையில், ஒற்றைப் பையோடு வாசலில் வந்து நின்றாள். கன்னம் வீங்கியிருந்தது. "இனிமே அங்க போக மாட்டேன்மா" என்றாள். பதினோரு நாள்தான் எங்களோடு இருந்தாள். அந்தப் பதினோரு நாளும் அம்மா சொன்னது ஒன்றுதான். "பொம்பளைன்னா பொறுத்துத்தான் போகணும். உனக்குப் பின்னாடி ரெண்டு தங்கச்சி இருக்குல்ல?"

பன்னிரண்டாம் நாள் மத்தியானம், ஒரு சீப்பு வாழைப்பழமும் மிக்சர் பொட்டலமும் வாங்கிக்கொண்டு அப்பா அவளை பஸ் ஏற்றிக் கூட்டிப்போய் விட்டுவிட்டு வந்தார். அன்று ராத்திரியும் 'மெட்டி ஒலி' ஓடியது. அன்றும் அம்மா சரோஜாவுக்காக அழுதார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன். எங்கள் அக்காவைப் பற்றி அந்த வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அக்கா இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். வயசானதும் அத்தான் கொஞ்சம் அடங்கிவிட்டார். ஆனால் அக்காவுக்கு இடது காது இன்றுவரை சரியாகக் கேட்காது. அவள் பொறுத்துப்போனது யாருக்காக? அந்த 'ரெண்டு தங்கச்சி'களில் நானும் ஒருத்திதானே!

2020 ஊரடங்கில் 'மெட்டி ஒலி'யை மறுபடியும் போட்டார்கள். அம்மா அப்போது என் வீட்டில் இருந்தார். கூட உட்கார்ந்து பார்த்த என் பத்து வயது மகள், "ஏன் ஆச்சி, அந்தச் சரோஜா பேசாம அவங்க அப்பா வீட்டுக்கே வந்துர வேண்டியதுதானே?" என்று கேட்டாள். அம்மா பதில் சொல்லாமல் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். பின்னாலேயே போனேன். "அன்னிக்கு அதுதான் சரின்னு பட்டுச்சுடி" என்றார். நான் எதுவும் சொல்லவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? பதினேழு வயசில் வாயை மூடிக்கொண்டிருந்தவள்தானே நானும்!

சீரியல் பார்க்கும் பெண்களைக் கேலி பேசுபவர்கள் உண்டு. நான் பேச மாட்டேன். நாலு சுவருக்குள் நடக்கிற கொடுமையை நடுக்கூடத்தில் வைத்துக் காட்டியது அந்தக் கதைகள்தான். அடிப்பவன் கெட்டவன் என்று ஊரே ஒத்துக்கொண்டது. ஆனால் அந்த இரக்கமெல்லாம் டிவிப் பெட்டியோடு நின்றுவிட்டது. நம் வீட்டு வாசலில் வந்து நின்ற சரோஜாவை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டோம்.

அன்றைக்கு வழி தெரியவில்லை என்றாவது சொல்லலாம். இன்று அப்படியில்லை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்க 2005-ல் சட்டமே வந்துவிட்டது. 181 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் உதவி கேட்கலாம். ஆனால் சட்டம் இருந்தாலும், பெற்ற வீட்டுக் கதவு திறந்திருந்தால்தான் ஒரு பெண்ணுக்குத் தைரியம் வரும்.

என் மகளுக்கு இப்போது 15 வயது. "எந்த வயசில், எந்த நேரத்தில் வந்தாலும் இது உன் வீடு" என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். பெண்ணைப் பெற்ற சகோதரிகளே, சீரியல் மருமகளுக்காக அழுங்கள், தப்பில்லை. அதில் பாதிக் கண்ணீரையாவது சொந்த மகளுக்கும் மிச்சம் வையுங்கள். அவள் பையோடு வந்து நின்றால், முதலில் உள்ளே கூப்பிட்டு ஒரு வாய் சோறு போடுங்கள். மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். என்ன, நான் சொல்வது சரிதானே?

- ஒரு வாசகி, விருதுநகர் மாவட்டம்